ஒரு கால் கூடிப்போன உத்தரவு

நகல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். காபியைக் குடித்தீர்கள், முறுக்கைத் தின்றீர்கள், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "நகல் எடுக்கறதுல அப்படி என்ன சார் இருக்கு, பாத்து எழுத வேண்டியதுதானே" என்றீர்கள். விருந்தாளிகளாயிற்றே என்று நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தது உங்களுக்குக் கேட்டிருக்காது. அவள் ஏன் சிரித்தாள் என்பதைத்தான் இப்போது எழுதி அனுப்புகிறேன்.

நானும் பார்த்துத்தான் எழுதினேன். ஒரே ஒரு துணைக்கால் கூடிப்போயிற்று. அதனால், செத்து நூறு வருஷமான ஒருவன் ராஜாவானான். ஒரு தாசில்தார் தன் படுக்கையைத் தானே தோளில் சுமந்து ஜவ்வாது மலை ஏறினார். என் உத்தியோகம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அந்தரத்தில் தொங்கியது.

இது முப்பதுகளின் கடைசியில் நடந்தது. வெள்ளைக்காரன் போய்விடுவான் என்று சிலரும், போகவே மாட்டான் என்று சிலரும் பந்தயம் கட்டிக்கொண்டிருந்த காலம். நான் வேலை பார்த்த தாலுகா கச்சேரி எது என்று சொல்ல மாட்டேன். கட்டடம் இன்னும் நிற்கிறது, அதற்கும் மானம் மரியாதை உண்டு. எனக்கு வயது இருபத்திரண்டு. ஆக்டிங் குமாஸ்தா. அதாவது, இன்றைக்கு வேலை இருக்கிறது, நாளைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சொந்த ஊர் ஆலங்காயம். எங்கள் சபையைச் சேர்ந்த ஞானமுத்து அங்கே புளி மண்டி வைத்திருந்தார். அவர் மகள் ரூத்தை எனக்குப் பேசியிருந்தார்கள். ரூத்துக்குச் சம்மதம், எனக்கு இரட்டைச் சம்மதம். ஞானமுத்துதான் ஒரு முட்டுக்கட்டை போட்டார். "உத்தியோகம் பர்மனெண்ட் ஆவட்டும் தம்பி. ஆக்டிங்கா வேல பாக்கறவனுக்கு ஆக்டிங்கா பொண்ணு குடுக்க முடியாது" என்றார். பங்குனிக்குள் பர்மனெண்ட் உத்தரவு வந்துவிடும் என்று எங்கள் தலைமைக் குமாஸ்தா என் காதோடு சொல்லி வைத்திருந்தார். ஆகவே அந்த மாதம் என் கால் தரையில் பாவவில்லை. என் எழுத்தும் அப்படித்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

இப்போது சடையன். அவன் யார் என்பது நீங்கள் யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதிகாரிகள் மலைக்கு வந்தால் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளை மலை ஜனங்கள் கூலியில்லாமல் சுமக்க வேண்டும். வெட்டி வேலை என்று அதற்குப் பெயர். சடையன் ஒரு நாள் பாதி மலையில் மூட்டையை இறக்கி வைத்து, "உன்னுதை இனிமே நீயே தூக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம். இதுவரைக்கும் இரண்டு கட்சிக்கும் சம்மதம். அப்புறம் அவன் அடிவாரத்துக்கு இறங்கி ஊர் ஊராக மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான். எங்களிடம் முன்னாலேயே பிடுங்கியதைத் திருப்பிக்கொண்டான் என்றார்கள் மலைக்காரர்கள். சுத்தமான மாட்டுத் திருடன் என்றார்கள் அடிவாரத்தார். மேலே அவன் சடைராஜா, கீழே திருட்டுச் சடையன். ஒரு மாசி மாதம் முதல் வெள்ளிக்கிழமை அவனைத் தூக்கில் போட்டார்கள் என்று கீழே சொல்வார்கள். தூக்கிலாவது ஒன்றாவது, பாறைக்குள் போய்விட்டான் என்று மேலே சொல்வார்கள். வெள்ளிக்கிழமை என்பதில் மட்டும் சண்டை கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமையை மலைநாட்டுக்கு ரஜாவாக அறிவிக்க வேண்டும் என்று மலைக் குடியானவர்கள் மனுப் போட்டார்கள். ரஜா என்றால் நீங்கள் சொல்கிற லீவு, விடுமுறை. அன்று கச்சேரியில் புழங்கிய வார்த்தை அது. உடனே அடிவாரத்திலிருந்து எதிர்மனு வந்தது. முதல் கையெழுத்து ஞானமுத்துவுடையது. இரண்டு மனுவையும் விசாரிக்க டிப்டி கலெக்டர் மலைமேல் நெல்லிக்கொல்லை என்ற ஊருக்குப் போனார். சாட்சியம் எழுத நானும் கூடப் போனேன்.

பாரஸ்ட் பங்களா முன்னால் பந்தல். மலைக்காரர்கள் சார்பில் பேசியவள் குப்பம்மா. முப்பது வயதிருக்கும், சொந்தமாகச் சாமை விதைக்கிறவள், சடையன் வம்சம் என்று சொல்லிக்கொள்கிறவள். மலையில் பாதிப் பேர் அப்படிச் சொல்லிக்கொள்வார்கள். இவள் சொன்னால் மீதிப் பாதியும் நம்பும்.

டிப்டி கலெக்டர் கேட்டார்: "ரஜா உங்களுக்கு எதுக்கு? ஆபீசா, பள்ளிக்கூடமா, எதை மூடப் போறீங்க?"

"சாமைக்கு ரஜா கெடையாதுங்க, தெரியும்" என்றாள் குப்பம்மா. "அன்னிக்கு ஒரு நாளு எவரு மூட்டையும் எங்க தலையில ஏறக் கூடாது. அதாங்க ரஜா."

டிப்டி கலெக்டர் தன் பெட்டிகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவை காலையில் எப்படி மேலே வந்தன என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஞானமுத்து எழுந்தார். "மாசி மாசம் புளி உலுக்கற மாசங்க. வெள்ளிக்கிழமைதான் இவங்க புளி மூட்டையோட சந்தைக்கு எறங்கற நாளு. அன்னிக்கு ரஜா வுட்டுட்டா மண்டியில நான் ஈ ஓட்டிக்கினு குந்தியிருக்கறதா? அதுவும் யாருக்கு? எங்க முப்பாட்டன் வூட்ல ரெண்டு மாடு ஓட்டிக்கினு போன திருட்டுச் சடையனுக்கு."

"என்ன மாடு?"

"ஒண்ணு செவலைங்க, ஒண்ணு மயிலைங்க."

"நீர் பார்த்தீரா?"

"முப்பாட்டன் பாத்தாருங்க. பாத்துக்கினு இருக்கச்சொல்லவே போயிடிச்சாம்."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. குப்பம்மா மட்டும் யோசனையாக, "செவலையா? அதான் எங்கூர்ல இன்னும் செவலைக் கன்னா பொறக்குதா?" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். டிப்டி கலெக்டர் என் பக்கம் திரும்பி, "எழுதிக்கொள்" என்றார்.

"எழுதிக்கோங்க" என்று குப்பம்மாவும் கையை எடுத்துவிட்டுச் சொன்னாள். "ராஜா குடுத்த மாடு. நாங்க இன்னா ஒளிச்சா வெச்சிக்கீறோம்?"

"திருடனுக்குப் பேரு ராஜாவா?" என்றார் ஞானமுத்து.

"ராஜாதான்" என்றது ஒரு பக்கம். "திருடன்தான்" என்றது மறுபக்கம். சாயங்காலம் வரைக்கும் இதேதான். ராஜா, ராஜா, ராஜா. என் காதில் வேறு வார்த்தை நுழைய இடமில்லாமல் போயிற்று. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிப்டி கலெக்டர் இரண்டு தரப்பும் மூக்கால் அழாதபடி ஒரு முடிவு செய்தார். அந்த ஒரு வருஷத்துக்கு ரஜா உண்டு, வெட்டி வேலை கிடையாது. ஆனால் சடையனை சர்க்கார் கௌரவிக்கவில்லை. தலைமைக் குமாஸ்தா எழுதிய வரைவு இப்படி இருந்தது: "மாசி முதல் வெள்ளிக்கிழமை சடையன் நினைவாக மலைநாட்டுக்கு ரஜா. சர்க்கார் உத்தரவு." டிப்டி கலெக்டர் "நினைவாக" என்பதை அடித்துவிட்டார். "நினைக்கவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். பேர் மட்டும் இருக்கட்டும்" என்றாராம். மீதி இருந்தது: "மாசி முதல் வெள்ளிக்கிழமை சடையன் மலைநாட்டுக்கு ரஜா. சர்க்கார் உத்தரவு."

இரண்டு நகல் எடுக்கச் சொன்னார்கள். ஒன்று ஆலங்காயம் சந்தைக்கு, ஒன்று நெல்லிக்கொல்லைக்கு. பெரிய எழுத்தில், அழகாக. என் கையெழுத்து அந்தக் கச்சேரியிலேயே அழகு என்று பெயர். எழுதினேன். காதில் இருந்தது கையில் இறங்கி, ரஜாவில் ர-வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது நகலையாவது மூலத்தைப் பார்த்து எழுதியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன், திருத்தியிருப்பேன். நான் என்ன செய்தேன்? என் எழுத்தின் அழகில் நானே மயங்கி, என் நகலைப் பார்த்தே அடுத்த நகலையும் எழுதினேன். தலைமைக் குமாஸ்தா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது இரண்டே விஷயம். மூலத்தைப் பார்த்து எழுது, உன் நகலைப் பார்த்து எழுதாதே. தப்பு வந்துவிட்டால் சுரண்டாதே, கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் உன் பெயரை எழுது. முதலாவது அன்றைக்கே காற்றில் போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை, தை மாதத்தின் கடைசிச் சந்தை. நான் அங்கே இல்லை, ரூத் இருந்தாள், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்டோராக்காரர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் தமுக்கை அடிக்கிறவர். "மாசி முதல்" என்றார், டம் டம். "வெள்ளிக்கிழமை சடையன்" என்றார், டம் டம். "மலைநாட்டுக்கு ராஜா" என்றார், டம் டம். "சர்க்கார் உத்தரவு."

சந்தை அப்படியே நின்றுவிட்டதாம். பிறகு ஆளாளுக்குப் பேச்சு.

"வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ராஜாவா, வாரம் பூரா ராஜாவா?"

"மாசி முதல்னு சொன்னாருல்ல. அதுலருந்து எப்பவும் ராஜாதான்."

"செத்தவரு எப்படிப்பா ராஜாவா கீறது?"

"நம்ம ராஜா சீமையில கீறாரு. அவர நீ பாத்தியா? அந்த மாதிரிதான்."

மலைக்காரர்கள் புளி மூட்டைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தங்கள் ஊருக்கென்று கொடுத்த இரண்டாவது நகலைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆடிக்கொண்டே மலை ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை மேலே ஒரு பாரஸ்ட் அதிகாரி தன் கூடாரத்தைத் தூக்க ஆள் கேட்டபோது, "எங்க ராஜாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு வாங்க" என்றார்களாம். ராஜா எங்கே என்று கேட்டதற்கு, "பாறைக்குள்ள" என்று வழி காட்டினார்களாம்.

திங்கட்கிழமை காலையில் ஞானமுத்து கச்சேரிக்கு வந்தார். சந்தையில் ஒட்டியிருந்ததைக் கிழித்துக்கொண்டு வந்து தாசில்தார் மேஜைமேல் போட்டார். தாசில்தார் படித்தார். மறுபடி படித்தார். தலைமைக் குமாஸ்தா மூலத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கால். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"சர்க்காரை எதிர்த்தவனுக்கு சர்க்கார் கச்சேரியே பட்டாபிஷேகம் பண்ணியிருக்கு" என்றார் தாசில்தார். "வர்ற வெள்ளிக்கிழமை கலெக்டர் துரை நெல்லிக்கொல்லைக்கு வர்றார், தெரியுமா? தமிழ் படிப்பார், பரீட்சையில பரிசு வாங்கினவர். அதைப் படிச்சார்னா நீ வீட்டுக்குப் போவே. பின்னாலேயே நானும் போவேன். என் வீட்ல என்னைப் பகல்ல வெச்சுக்க யாரும் தயாரா இல்லை."

ஞானமுத்துவுக்கு வேறு கவலை. "எங்க முப்பாட்டன் மாட்ட ஓட்டினவனுக்குக் கிரீடம் வெச்சுட்டியே தம்பி. அதே கையால எம் பொண்ணுக்கு மாலை போடுவியா?" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வருத்தப்பட்டுச் சொன்னார்.

தாசில்தார் இழுப்பறையைத் திறந்து பென்சில் சீவும் கத்தியை எடுத்து என்னிடம் கொடுத்தார். "மேலே போ. அந்தக் காலைச் சுரண்டிட்டு வா. காதும் காதும் வெச்ச மாதிரி முடியணும்." அதோடு விட்டாரா? என்னை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவைத் தயார் செய்து, வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டு, நகல் எடுத்து வைக்கச் சொன்னார். கச்சேரியிலேயே யார் எழுத்து அழகு? என்னையே எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அதில் ஒரு புள்ளி கூடத் தப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை மலை ஏறினேன். நெல்லிக்கொல்லைக்கு அரை மைல் இருக்கும்போதே மேளச் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்ததும் குப்பம்மா, "உத்தரவு எழுதுன அய்யா வர்றாருங்கோ" என்று குரல் கொடுத்தாள். எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ, ஆவாரம்பூ மாலையைக் கழுத்தில் போட்டு என்னை அலாக்காகத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். யார் மூட்டையையும் தூக்க மாட்டோம் என்ற அதே தோள்கள். நான் அந்தரத்தில் ஆடிக்கொண்டு போகிறேன், சட்டைப் பையில் கத்தி என் நெஞ்சில் குத்திக்கொண்டே வருகிறது. வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையும் அவ்வளவு வெட்கமும் ஒரே நேரத்தில் எனக்கு வந்ததில்லை.

சடையன் போய் மறைந்ததாகச் சொல்லும் பாறையில் ஒரு பலகையைச் சாத்தி, அதில் என் நகலை ஒட்டியிருந்தார்கள். நாலு மூலைக்கும் மஞ்சள், நடுவில் குங்குமம், சுற்றிலும் பூ. சாமைச் சோறும் தேனும் கொடுத்துச் சாப்பிட வைத்தார்கள். பிறகு குப்பம்மா, "நீங்க கும்புட்டுக்கோங்க அய்யா, நாங்க அப்பால நிக்கறோம்" என்று எல்லாரையும் தள்ளி நிற்கச் செய்தாள்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடம்தான். நானும் அந்தக் காகிதமும் மட்டும். எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு மரியாதையாக நிற்கிறார்கள். கத்தியை எடுத்தேன். காலின்மேல் வைத்தும் விட்டேன். நாலு இழுப்பு இழுத்தால் உத்தியோகம், ரூத், எல்லாம் என்னுடையது. வெள்ளிக்கிழமை துரை பார்ப்பது சுத்தமான ரஜாவாக இருக்கும். இவர்கள் கேட்டால், "நீங்கள் தப்பாகப் படித்தீர்கள், முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது" என்று சொல்லிவிடலாம். அதை எழுத்தில் கொடுக்கவும் எங்களிடம் கச்சேரி இருந்தது. எனக்குச் சொரேலென்றது அந்த நினைப்பில்தான். அவர்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர். அவர்களைப் பொய்யர்களாக்க என் ஒருவன் கத்தி போதும்.

கத்தியை மடக்கிப் பையில் போட்டேன். "குப்பம்மா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டேன். எல்லாரும் வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அது ராஜா இல்லை, ரஜா. ஒரு கால் என் தப்பால் கூடிப்போயிற்று. அதை எடுக்க வந்திருக்கிறேன்.

மேளம் நின்றது. என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன். குப்பம்மாதான் பேசினாள். "சர்க்கார் எங்களுக்கு எழுதறது எப்பவும் ஏதாவது ஒண்ணு கொறஞ்சிதான் அய்யா வரும். நெலம் கொறஞ்சி வரும், பேரு கொறஞ்சி வரும். ஒண்ணு கூட வந்தது இதான் மொத தபா. அதையும் எடுக்க வந்துட்டீங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அவள் கேட்டாள்: "ரஜாவாவது நெசமா?"

"நெசம்."

"அன்னிக்கு மூட்டை?"

"யாரும் தூக்க வேணாம். அதுல ஒரு மாத்தமும் இல்ல."

"அப்ப எடுத்துக்கோங்க. ஆனா அந்தக் கத்தியால வேணாம்" என்றாள். நான் கத்தியை மடக்கியதை அவள் பார்த்திருக்கிறாள். "சொரண்டிட்டா அது எப்பவுமே இல்லன்னு ஆயிடும். கோடு போட்டு அடிங்க. இருந்துச்சின்னு தெரியட்டும். யாரு எடுத்தாங்கன்னு பேரும் எழுதுங்க."

தலைமைக் குமாஸ்தா சொல்லிக் கொடுத்த இரண்டாவது பாடத்தை, எந்தக் கச்சேரி வாசலையும் மிதிக்காத ஒருத்தி எனக்கு வார்த்தை மாறாமல் சொன்னாள். காலின் குறுக்கே கோடு போட்டேன். பக்கத்தில் என் முழுப்பெயரையும் தேதியையும் எழுதினேன். என் கையெழுத்து முதன்முதலாக அசிங்கமாக இருந்தது.

கீழே வந்து சொன்னதும் தாசில்தார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "சுரண்டச் சொன்னா சாட்சி கையெழுத்தா போட்டுட்டு வந்திருக்கே? இப்போ அந்தக் கால் மேலேதான்யா எல்லார் கண்ணும் போகும்." என் நீக்க உத்தரவை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை துரை முகம் சுளிச்சா அங்கேயே கையெழுத்துப் போடுவேன்" என்றார். தலைமைக் குமாஸ்தா மட்டும் அன்று என் மேஜைக்கு வந்து, தன் மைக்கூட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ரஜா என்றால் ரஜா. மூட்டை தூக்க மலையடிவாரத்தில் ஒரு ஆள் இல்லை. கலெக்டர் துரை உற்சாகமான மனிதர், தன் பையைத் தன் முதுகிலேயே மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். துரையே சுமக்கும்போது தாசில்தார் என்ன செய்வார்? படுக்கைச் சுருட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாறைக்குப் பாறை நின்று, சடையனைத் திட்டிக்கொண்டே ஏறினார். நான் கோப்புகளோடு பின்னால். எனக்குப் பின்னால் ஞானமுத்து. அவருக்குத்தான் அன்று மண்டியில் வேலையில்லையே, என் கதி என்ன ஆகிறது என்று பார்க்க வந்திருந்தார்.

துரை நேராகப் பாறைக்குப் போனார். காகிதத்தின் முன்னால் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "இந்தக் கோடு என்ன?" என்று கேட்டார். தாசில்தாரின் கை சட்டைப் பைக்குப் போனது.

"என் தப்புங்க. ஒரு கால் கூடிப்போச்சு, அடிச்சிருக்கேன்" என்றேன்.

"ஆ. கால் கூடியது" என்றார் துரை, என் கால்களைப் பார்த்தபடி. அவருக்கு என்ன புரிந்ததோ ஆண்டவருக்குத்தான் தெரியும். பிறகு ஜனங்கள் பக்கம் திரும்பி, தொண்டையைக் கனைத்து, பரிசு வாங்கிய தமிழில் பேச ஆரம்பித்தார்.

"மலைநாட்டு ஜனங்களே. இன்று மாசி முதல் வெள்ளிக்கிழமை. சடையன். நான் மிகுந்த சந்தோஷத்தோடு சொல்லுகிறேன். மலைநாட்டுக்கு ராஜா."

குற்றெழுத்து அவர் நாக்குக்குப் பழக்கமில்லை. ரஜா என்று சொல்லத்தான் முயன்றார், பாவம். அப்புறம் மேளம் இடித்தது பாருங்கள், பாறையே ஆடியது. தன் தமிழுக்குத்தான் இவ்வளவு வரவேற்பு என்று துரைக்கு முகமெல்லாம் பூரிப்பு. கையை உயர்த்தி, "ஆம். ராஜா" என்றார். இன்னும் மேளம். விடுவாரா? "இனி ஒவ்வொரு வருஷமும் ராஜா" என்றார்.

ஒரு வருஷத்துக்குக் கொடுத்த ரஜா அந்த நிமிஷத்தில் நிரந்தரமாகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். எனக்கு முன்னால் அது பர்மனெண்ட் ஆயிற்று.

குப்பம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது. "நீங்க கால எடுத்தீங்க, தொர திருப்பி வெச்சிட்டாரு. இத எப்படி அடிப்பீங்க? அவரு பேர எழுதச் சொல்லுவீங்களா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வெடித்தது. அடக்க முடியாமல் கோப்புகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

திரும்பி இறங்கும்போது தாசில்தார் பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "ஒரு காலுக்கு உன்னை டிஸ்மிஸ் பண்ணலாம்" என்றார். "துரை மூணு தடவை சொன்னாரே, அந்த மூணு காலுக்கு நான் யாரை டிஸ்மிஸ் பண்றது?" காகிதத்தை என்னிடம் நீட்டினார். "நல்ல நகல். நீயே வெச்சுக்கோ." அது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அடுத்த தடவை வந்தால் காட்டுகிறேன், முறுக்கை நீங்கள் வாங்கி வாருங்கள்.

பங்குனியில் பர்மனெண்ட் உத்தரவு வந்தது. ஞானமுத்துவும் இறங்கி வந்தார். "தொரையே மூணு வாட்டி சொன்னப்பறம் நான் யாரு" என்று சம்மதித்துவிட்டார். ஆனால் தேதி வைப்பதில் சிக்கல். மண்டியை மூடிவிட்டுக் கல்யாணம் செய்ய அவருக்கு மனசு வராது. வருஷத்தில் அந்த மண்டி தானாக மூடுகிற நாள் ஒன்றே ஒன்றுதான். ஆகவே மறு வருஷம், கல்யாணம் கூடாத லெந்து நோன்பு நாட்கள் தொடங்குவதற்கு முன்னால், மாசி முதல் வெள்ளிக்கிழமை, சடையன் ரஜாவன்று எனக்கும் ரூத்துக்கும் கல்யாணம். அவர் எதிர்மனுப் போட்ட அதே ரஜா. போன வாரம் உள்ளே இருந்து சிரித்தவள் அந்த ரூத்துதான்.

சபைக் கோயிலை விட்டு வெளியே வந்தால் தெருவில் ஒரே கூட்டம். நெல்லிக்கொல்லையே இறங்கி வந்திருந்தது, தலையில் மூட்டை எதுவுமில்லாமல். குப்பம்மா முன்னால் நின்றாள். அவள் கையில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு செவலைக் கன்று. நேரே ஞானமுத்துவிடம் போய்க் கயிற்றைக் கொடுத்தாள்.

"உங்க முப்பாட்டன் மாட்டோட பேரப்புள்ளைங்க. ராஜா திருப்பிக் குடுத்துடச் சொன்னாரு."

ஞானமுத்து கன்றைப் பார்த்தார். நெற்றியைத் தடவினார், காதைத் தூக்கிப் பார்த்தார், வாலைப் பார்த்தார். வாழ்நாள் பூராவும் திருட்டுச் சடையன் என்று சொன்ன வாய், இப்போது என்ன சொல்லப்போகிறது என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மயிலை எப்ப வரும்?" என்றார்.

"அதுக்கு இன்னொரு ரஜா வேணுங்க" என்றாள் குப்பம்மா. "உங்க மாப்ளையவே எழுதச் சொல்லுங்க."